செயலாளர் ஆண்டறிக்கை: வயல் நீர்வண்டுக் கணக்கெடுப்பு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலும் கடற்கரைத் துப்புரவும் வழக்கம்போல் நடந்தேறின.

இவ்வாண்டின் பெரிய வேலை, பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறை வயல்களில் நாம் எடுத்த நீர்வண்டுக் கணக்கு. இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் என்பதால் வண்டின் எண்ணிக்கையும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. வயலில் தண்ணீர் கட்டிய சில நாளிலேயே வாய்க்காலிலிருந்து இரவில் பறந்து வந்துவிடும். கொசுப்புழுவும் தலைப்பிரட்டையும் பெருக, அவற்றைத் தின்னும் வண்டுப் புழுவும் பெருகும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்ததும் வளர்ந்த வண்டு வாய்க்காலுக்குத் திரும்பும். வரப்பின் ஈரமண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழு ஆகாத புழுக்கள் சேற்றோடு காய்ந்துபோகும்.

பொறிக்கு 1.5 லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் தோள்பகுதியை வெட்டி, மூடியை எடுத்துவிட்டுத் தலைகீழாகச் செருகினோம். மாலையில் வைத்து மறுநாள் காலையில் எடுக்க வேண்டும். போத்தலைச் சாய்த்து, அடிப்பக்கம் கொஞ்சம் காற்றோடு தண்ணீருக்கு மேல் நிற்கும்படி வையுங்கள். முழுக்க அமுக்கினால் விடிவதற்குள் வண்டு மூச்சு முட்டிச் செத்துவிடும். வாய்ப்பகுதி மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வற்றினால் போத்தல் உதவாது, வலைதான்.

இனம் பிரிக்க வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். பின்னங்கால் இரண்டையும் ஒருசேரத் துடுப்புப் போட்டு, காற்றுக்கு வால்பக்கத்தை மேலே நீட்டினால் அது முக்குளி வண்டு. கால்களை மாற்றி மாற்றி அடித்து, தலைப்பக்கமாக மேலே வந்தால் அழுகல் தின்னும் வகை.

இனி, சொல்லியே ஆக வேண்டியது. தண்ணீர் வடித்த வாரமும் அடுத்து வண்டு வாய்க்காலில் தங்கும் வாய்க்கால் வாரங்களும்தான் இந்தக் கணக்குக்கு உயிர். அப்போதுதான் ஆள் வரவில்லை. போதாக்குறைக்கு, போகாத வாரத்துக்குக் குறிப்பேட்டில் யாரோ சுழியம் எழுதியிருக்கிறார்கள். சுழியம் என்றால் போய்ப் பார்த்தோம், வண்டு இல்லை என்று பொருள். போகவில்லை என்றால் கோடு போட வேண்டும். அந்த ஒரு சுழியம் வண்டு அழிந்துவிட்டதாகக் காட்டியது. அழித்து எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

வரவு செலவு ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பலரிடம் பாக்கி. வலையும் ஸ்பிரிட்டும் கைக்காசில் வாங்கியவை. வரப்பில் இறங்க அனுமதித்த வயல்காரப் பக்சிக்குகளுக்கும் (மலாய்ப் பெரியவர்களுக்கும்) செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த போகத்துக்கு வாரம் இரண்டு பேராவது வந்தால்தான் கணக்கை நடத்த முடியும். வாராவாரம் நான் ஒருவனே பாலம் தாண்டிப் போய்வர இயலாது. பெயர்த்தாள் தேநீர் மேசையில் இருக்கிறது. வாய்க்கால் வாரங்கள் அந்தத் தாளின் கடைசிப் பத்தியில் உள்ளன. முதலில் அவற்றை நிரப்புங்கள்.