பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளோடு சென்னை சங்கமத்துக்கு வாருங்கள்

ஜனவரி 10, 2023

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். உங்கள் அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.

வழக்கமாக விடுமுறைக்கு முந்தைய கடிதத்தில் பள்ளி திறக்கும் நாளையும் திருப்புதல் தேர்வு அட்டவணையையும் எழுதுவேன். அவை நாட்குறிப்பேட்டில் ஒட்டி வருகின்றன. இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக. உங்களிடம் இரண்டு மாலை நேரங்களைக் கேட்டு எழுதுகிறேன்.

வரும் 13ஆம் தேதி தீவுத்திடலில் தொடங்கி 17ஆம் தேதி வரை ‘சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா’ நடக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் நாட்டுப்புறக் கலைஞர்கள் வந்து நகரத்தின் பூங்காக்களிலும் திடல்களிலும் கடற்கரையிலும் மாலை வேளைகளில் ஆடிப் பாடப்போகிறார்கள். நமக்கு மிகப் பக்கம் தியாகராய நகர் நடேசன் பூங்கா. பள்ளியிலிருந்து நடந்தே போய்விடலாம். அண்ணா நகர் டவர் பூங்கா, செம்மொழிப் பூங்கா, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை என்று இன்னும் பல இடங்கள் இருக்கின்றன. எங்கேயும் டிக்கெட் கிடையாது. நன்கொடை, முன்பதிவு எதுவும் வேண்டாம். போய் நின்று பார்க்க வேண்டியதுதான்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 2007இல் தொடங்கி 2011 வரை இந்த விழா நடந்தது. பிறகு நின்றுபோனது. நான் அப்போது தமிழாசிரியை. 2008 என்று நினைவு, மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் என் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பறையாட்டம் பார்த்தேன். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் 2011இல் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள். அவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் பலர் பிறக்கவே இல்லை. அதாவது நம் பள்ளியில் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் ஒரு பிள்ளைகூட இதை நினைவு தெரிந்து பார்த்ததில்லை. கரகத்தையும் ஒயிலாட்டத்தையும் அவர்கள் பாடநூலில் படிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள். ‘நாட்டுப்புறக் கலைகள் ஐந்தின் பெயர் எழுதுக’ என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று காலை வணக்கக் கூட்டத்தில் கேட்டேன். உயர்ந்த கைகளை எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இன்னொரு நிகழ்ச்சி. அந்த மாணவனிடமும் அவன் தாயாரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயரும் வகுப்பும் வேண்டாம்.

சென்ற நவம்பரில் நம் பள்ளியில் கலைத்திருவிழாப் போட்டிகள் நடந்தன அல்லவா? தோற்கருவி வாசிப்புக்குப் பெயர் கொடுத்த பட்டியலில் ஒரு மாணவனின் பெயர் இருந்தது. மறுநாள் அவனே வந்து அதை அடித்துவிட்டுப் போயிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னான்: “எங்கள் தாத்தா ஊரில் பறை அடிப்பவர், மிஸ். எனக்கு நன்றாக வரும். ஆனால் இங்கே அடித்தால் சாவுக்கு அடிக்கிற வீடு என்று சொல்வார்கள். அம்மா வேண்டாம் என்கிறார்.”

அவன் தாயாரை வரச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நாங்கள் ஊரில் பட்டது போதும், டீச்சர். இங்கே யாருக்கும் தெரியாமல் இருக்கிறோம். அது அப்படியே இருக்கட்டும்” என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அவர் பட்டதை நான் படவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவர் பயந்தது யாருக்கு? நமக்கு. நம் வீடுகளில் சாப்பிடும்போது நாம் பேசும் பேச்சுக்கு. ஒரு கருவியின் பெயரைச் சொன்னதும் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்புக்கு. அதைப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், நீங்களும் கூடவே நின்று பாருங்கள்.

முடிந்தால் நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். மேடையில் நடப்பதைவிட ஓரத்தில் நடப்பது பிள்ளைகளுக்கு அதிகம் பிடிக்கும் என்பது என் அனுபவம். 2008இல் நான் சொன்ன அந்த மாலையில் பூங்காவின் ஓரத்தில் சருகும் பழைய செய்தித்தாளும் போட்டுச் சிறிய தீ மூட்டியிருந்தார்கள். பறைக் கலைஞர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து கருவியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாலைப் பனியில் தோல் நமுத்துப்போகும், ஓசை மந்தமாகிவிடும். தோல் பக்கத்தைச் சூட்டுக்கு நேரே காட்டி, வட்டத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வருவார்கள். அவ்வப்போது விரலால் ஒரு தட்டு, காதருகே பிடித்து ஒரு கணம் கேட்பது, மறுபடி தீ. ஒரு பெரியவர் என் மகளின் கையில் தன் பறையைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். ‘தொம்’ என்றது. வாங்கி மறுபடி காய்ச்சிவிட்டுக் கொடுத்தார். இந்த முறை கணீரென்று கேட்டது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி தட்டினாள். வலக்கையில் குட்டையும் தடிப்புமான அடிக்குச்சி, இடக்கையில் நீளமாய் மெலிந்த சிண்டுக்குச்சி. இரண்டும் ஒரே தோலில் விழுந்தாலும் ஓசை வேறு வேறு என்பதை அவருடைய விரல்களைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். அதற்கு முன் பத்து ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன்.

தெருக்கூத்துக் குழு வந்தால் அங்கேயும் முன்னதாகவே போங்கள். கூத்துக்காரர்கள் தங்கள் முகத்துக்குத் தாங்களே அரிதாரம் பூசுவார்கள். கையளவு கண்ணாடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வேட்டியும் பனியனுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நம் கண்ணெதிரே துரியோதனனாக மாறுவார். தலைக்கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைவான மரம் என்பதால்தான் இரவு முழுவதும் சுமந்து ஆட முடிகிறது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் இது விடிய விடிய நடக்கும் கலை. இங்கே கொஞ்ச நேரத்துக்குள் சுருக்கி ஆட வேண்டியிருக்கும். அது எனக்குக் குறைதான். ஆனாலும் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷக்காரர் நின்று முதல் பாட்டை எடுக்கும்போது, சலங்கைக் காலை மட்டும் பார்த்துப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை நீங்கள் காண்பீர்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு வேஷம் பயமாக இருக்கலாம். மடியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் உட்காருங்கள். கதையை நடத்திச் சென்று சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் வந்து நாலு வார்த்தை பேசினால் பயம் போய்விடும்.

எந்த மாலை எந்த இடத்தில் எந்தக் குழு என்பது நாளுக்கு நாள் மாறும். தென்மாவட்டத்து வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கோவைப் பக்கத்துத் துடும்பு, கோவில்பட்டிப் பக்கத்துத் தேவராட்டம், தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை, எது அமைந்தாலும் நல்லதுதான். கரகாட்டம் என்றதும் சினிமாவில் பார்த்ததை வைத்து முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு, எனக்குத் தெரியும். தலையில் வைத்த கரகத்தைக் கை தொடாமல், பின்னால் வளைந்து கண் இமையால் தரையிலிருந்து ஊசி எடுக்கும் பயிற்சிக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்களை நம் பிள்ளைகள் மரியாதையோடு பார்க்கட்டும்.

ஒரே மாலையில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓட வேண்டாம். ஒரு குழுவை முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பைக்குள் வைத்துவிடுங்கள். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையும் அதைத்தான் பார்க்கும். ஆட்டம் முடிந்ததும் கலைஞர்களிடம் போய், “உங்களுக்கு எந்த ஊர்? யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?” என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். ‘ஐயா’, ‘அம்மா’ என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இதைப் பற்றிக் கட்டுரையோ படத்தொகுப்போ யாரும் கேட்கமாட்டார்கள். எல்லா வகுப்பாசிரியர்களிடமும் சொல்லிவிட்டேன். விடுமுறையில் பார்த்த ஆட்டம் வீட்டுப்பாடமாகிவிட்டால் அதன் சுவையே போய்விடும். ஒன்று மட்டும் செய்வோம். பள்ளி திறந்ததும் கூடத்தில் பெரிய தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று மாட்டியிருப்போம். தான் பேசிய கலைஞரின் ஊரைக் கண்டுபிடித்து, விரும்பும் பிள்ளை அங்கே ஒரு பொட்டு வைக்கலாம்.

போக்குவரத்து பற்றி: அம்மாமார்கள், பாட்டிமார்கள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் கட்டணமின்றி வரலாம். வேலைக்குப் போய்த் திரும்ப நேரமாகிவிடும், பிள்ளையை அழைத்து வர ஆள் இல்லை என்ற வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. அவர்களுக்காக 14ஆம் தேதி சனிக்கிழமையும் 16ஆம் தேதி திங்கட்கிழமையும் மாலை 5 மணிக்கு நம் ஆசிரியர்கள் நால்வர் பள்ளி வாசலில் இருப்பார்கள். பிள்ளைகளை நடேசன் பூங்காவுக்கு அழைத்துப்போய், இரவு 8.30 மணிக்குள் மறுபடி பள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இந்தக் கடிதத்தின் அடியில் உள்ள சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். திரும்ப அழைத்துச் செல்ல யார் வருவார்கள் என்பதையும் எழுதுங்கள். தனியாக அனுப்பச் சொன்னால் அனுப்பமாட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப்போக முடிந்தவர்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் பெரிய உதவி.

சனிக்கிழமை போகி. காலையில் புகைமூட்டம் இருக்கலாம் என்பதால் இளைப்பு உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் திங்கட்கிழமை நல்லது. தவிலும் பம்பையும் ஒலிபெருக்கி வழியாக வரும்போது காதடைக்கும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். கூட்டத்தில் கை நழுவினால் உதவும்படி, சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.

நான் முன்பு சொன்ன மாணவனின் தாயாரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “திங்கட்கிழமை நானும் வருகிறேன் டீச்சர், அவனையும் அழைத்து வருகிறேன்” என்றார். திங்கட்கிழமை நானும் அங்கேதான் இருப்பேன், பறைக்குழு வந்தால் கருவி காய்ச்சும் இடத்துக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்தால் வந்து பேசுங்கள். ஏழு மணிக்கு மேல் பனி இறங்கும், சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் துணி கட்டி அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்