பெருவிலங்குகளும் குளிரும்: கண்காட்சிக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

ஒட்டுசுட்டானுக்கு அயலில் உள்ள எமது கிராமத்தின் சனசமூக நிலைய வாசிகசாலையில், மிருகக்காட்சிச்சாலைப் பெருவிலங்குகள் குளிரை எப்படித் தாங்குகின்றன என்பதைப் பற்றி மாணவர்கள் நடத்திய கண்காட்சி நல்லபடி நிறைவேறியது. அதற்கு உதவியோருக்கு வாசிகசாலைக் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகின்றேன். தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் எனப் பலரும் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, இந்த வேலைக்கே காரணமான ஏழாம் தர மாணவிக்கு உரியது. 2022 மார்கழியில், மாண்டஸ் புயலை ஒட்டி மழையும் குளிர்காற்றும் விடாமல் அடித்தபோது, வன்னியிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மேய்ச்சல் தரையிலும் பட்டியிலும் விறைத்து இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுப் பசுவும் அதில் போயிற்று. கனடாவில் பனிக்குள் யானைகளை வைத்திருந்தார்கள் என்று மாலை வகுப்பில் யாரோ சொன்னதும், "அந்த யானை சாகேல்லையாம், எங்கட மாடு ஏன் செத்தது?" என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல ஆள் தேடித்தான் உங்களிடம் வந்தோம்.

ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை ஸ்காபரோவில் இருக்கிறது. அங்கே வாழும் எமது ஊர்த் தங்கை, தை மாதக் குளிரில் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே தன் கையாலேயே விளக்கம் எழுதி அனுப்பினார். பனிக்கரடியும் அமூர்ப் புலியும் வெட்டவெளிப் பனியில் உலாவ, ஒட்டகச்சிவிங்கிகள் சூடேற்றிய கட்டடத்துள் நிற்கும் படங்கள் அவை. நீண்ட கால்களுடைய அவ்விலங்கு உறைபனியில் சறுக்கி விழுந்தால் எழுந்திருப்பதே அரிது என்பதால், அதற்குக் குளிரோடு தரையும் ஆபத்து என்ற அவருடைய குறிப்பைப் பிள்ளைகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். அங்கிருந்த ஆபிரிக்க யானைகளில் எஞ்சிய மூன்றும் 2013 ஐப்பசியில் லொறிகளில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்தியையும் அவரே தேடித் தந்தார்.

கனடாவின் கல்கரி நகரில் வேலை செய்யும் மாங்குளத்துத் தம்பிக்கு நாம் பட்ட கடன் பெரிது. பின்னவல யானைகள் சரணாலயத்தில் தாயற்ற குட்டிகளாக இருந்த கமலா, சுவர்ணா என்ற இரண்டு பெண் யானைகள் 1976இல் கல்கரிக்கு அனுப்பப்பட்டதையும், கமலா 1990இல் அங்கே மகாராணி என்ற குட்டியை ஈன்றதையும், 2014 வைகாசியில் மூன்றும் வாஷிங்டனில் உள்ள தேசிய மிருகக்காட்சிச்சாலைக்கு மாற்றப்பட்டதையும் அவர் சொல்லித்தான் நாம் அறிந்தோம். எங்கள் தீவில் பிறந்த இரண்டு உயிர்கள், சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும் ஊரில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. யானை என்றால் வாழையையும் தென்னையையும் முறித்துப்போடுவது, இரவில் யானைவெடி கொளுத்தித் துரத்தப்படுவது என்று மட்டுமே அறிந்த எமது பிள்ளைகள், அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். சூடான கொட்டிலும் உலர்ந்த தரையும் வேளாவேளைக்குத் தீனியும் இருந்ததால் அவை உயிர் பிழைத்தன. ஆனால் நீண்ட குளிர்காலத்தில் உள்ளேயே அடைபட்டு நிற்பது நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கும் விலங்குக்கு வாழ்வாகாது என்பது என் எண்ணம். அலாஸ்காவில் மாகி என்ற யானைக்கு நடைப்பயிற்சிக்கென்று ஓடுபொறியே செய்து வைத்தும் பயனின்றி, 2007இல் இராணுவ விமானத்தில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார்கள்.

தப்பியோடிய விலங்குகளின் செய்திகளைத் திரட்டித் தமிழில் எழுதித் தந்த பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நன்றி. 2012 மார்கழியில் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் பகுதியில் சர்க்கஸ் யானைகளை ஏற்றிச்சென்ற வண்டி தீப்பற்றியதால், இரண்டு யானைகள் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில் வெளியே நிற்க நேர்ந்தது. வெந்நீரில் வொட்கா கலந்து கொடுத்துச் சூடான கராஜ் ஒன்றில் கொண்டுபோய் விட்டதால் அவை தப்பின. காது நுனிகள் மட்டும் குளிரால் புண்பட்டன. அமெரிக்காவின் மேரிலாந்தில் 2021 ஆவணியில் தனியார் பண்ணை ஒன்றிலிருந்து ஓடிய வரிக்குதிரைகளில் ஒன்று கண்ணியில் சிக்கி இறக்க, மற்ற இரண்டும் மார்கழி வரை காட்டோரங்களில் மேய்ந்து திரிந்து பின்னர் பிடிபட்டன. யானை தப்பினால் பனிக்காலம் முழுவதும் பிழைக்குமா என்று பெரியவர்களும் கேட்டார்கள். நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டிய விலங்குக்குப் பனி மூடிய காட்டில் எதுவும் கிடைக்காது. குளிருக்கு முன்பே பசி அதை வீழ்த்திவிடும்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஐயா கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து செய்துகாட்டிய பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே சூடான தண்ணீரைப் பெரிய கிடாரத்திலும் பால்மாப் பேணியிலும் ஊற்றி வெப்பமானியை வைத்தார். பேணித் தண்ணீர் விரைவில் ஆற, கிடாரத்தில் நெடுநேரம் சூடு நின்றது. உடல் பெருக்கப் பெருக்க, நிறைக்கு ஏற்ற அளவில் தோலின் பரப்பு கூடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டே உணர்ந்தார்கள். அகன்ற, மெல்லிய காது சூட்டை வெளியே விடுவதற்கானது என்பதையும், ஆசிய யானைக்கு நெருங்கிய உறவான, குளிர்நாடுகளில் வாழ்ந்து அழிந்துபோன கம்பளி மாமதத்துக்குச் சிறிய காதும் அடர்ந்த மயிரும் இருந்ததையும் அதன்பின் விளக்கினார். பிறகு ஒரே அளவான இரண்டு பேணிகளில் ஒன்றுக்கு உலர்ந்த சாக்கையும் மற்றதற்கு நனைத்த சாக்கையும் சுற்றி, மின்விசிறியின் முன் வைத்தார். ஈரச்சாக்குப் பேணியின் வெப்பமானி இறங்கிய வேகத்தைக் கண்டு, பின்னால் நின்ற மாட்டுக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு மிருக வைத்தியர் அம்மா கணக்கோடு பதில் சொன்னார். தடித்த உலர்ந்த மயிருள்ள மாடு சுழியத்துக்குக் கீழே 8 பாகை வரை பெரிய சிரமமின்றித் தாங்கும். அதே மாடு நனைந்தால் 15 பாகையிலேயே உடற்சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கிவிடும். வயிற்றில் இரை செரிக்கும்போது எழும் சூடே மாட்டின் அடுப்பு என்பதால், மேய முடியாமல் நனைந்து நின்ற மெலிந்த மாடுகளும் கன்றுகளும் முதலில் விழுந்ததில் வியப்பில்லை என்றார். கல்கரி யானைக்கு இருந்து எங்கள் மாட்டுக்கு இல்லாமற் போனது எதுவென்று அந்த மாணவி அப்போதே எழுந்து சொன்னாள்: கூரை, காய்ந்த நிலம், வைக்கோல்.

படச்சட்டங்களைக் கூலி வாங்காமல் செய்து தந்த தச்சு வேலை அண்ணருக்கும், கிடாரம் இரவல் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், இரண்டு நாளும் தேநீரும் வாய்ப்பனும் தந்த மாதர் சங்கத்து அக்காமாருக்கும், படங்களை மழையில் நனையாமல் கொண்டுவந்த முச்சக்கரவண்டித் தம்பிக்கும் எமது நன்றி. புலம்பெயர்ந்த ஊரவர் அனுப்பிய பணத்தில் தறப்பாள் வாங்கி, காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தை மறைக்கவென்று பட்டிகளுக்குக் கொடுத்துள்ளோம். கணக்கு வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

மிஞ்சிய தறப்பாள்கள் வாசிகசாலையில் இருக்கின்றன. கன்று வைத்திருப்போர் ஐப்பசி மழைக்கு முன்னர் வந்து பெற்றுக்கொள்ளலாம். படங்களைத் தங்கள் பாடசாலையில் வைக்க விரும்பும் ஆசிரியர்கள் முன்கூட்டியே அறிவித்தால், வண்டியில் ஏற்றி அனுப்பி வைப்போம்.

நன்றியுடன்,
செயலாளர்,
வாசிகசாலைக் குழு