விழுந்த விசுவாசியும் சபையின் வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் வந்துவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி மிஷன் வீதி வரை தியானக் கூடுகைகளுக்கும் உபவாச ஜெபங்களுக்கும் சுவரொட்டிகள் ஏறிவிடும். எல்லாம் மனந்திரும்புதலைப் பற்றியவைதான். ஆனால் ஞானஸ்நானம் பெற்று, பல வருஷம் பாடகர் குழுவில் நின்ற ஒருவர் பாவத்தில் விழுந்தால் என்ன செய்வது? சபைகள் பலவற்றில் எழுதப்படாத இரண்டு வழக்கங்கள்தான் இருக்கின்றன. வசதியும் செல்வாக்கும் உள்ளவர் என்றால் அடுத்த ஞாயிறே சமாதானம். ஏழை என்றால், அதிலும் பெண் என்றால், ஊரறிய நீக்கம். இரண்டுக்கும் வேதத்தில் இடமில்லை.

விழுகை ஒரே இரவில் நடப்பதில்லை. யாக்கோபு நிருபம் (1:14-15) அதன் வரிசையைச் சொல்கிறது: இழுக்கப்பட்டு, சிக்குண்டு, பிறகு இச்சை கர்ப்பந்தரித்து பாவத்தைப் பிறப்பிக்கிறது. ‘சிக்குண்டு’ என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இரை வைத்துப் பிடிப்பதைக் குறிக்கும் சொல். பேதுருவைப் பாருங்கள். இயேசுவிடம் ‘காவலிலும் சாவிலும் உம்மோடு வருவேன்’ என்றவர், அவர் விழித்திருந்து ஜெபிக்கச் சொன்ன நேரத்தில் தூங்கினார், தூரத்திலே பின்சென்றார், எதிராளிகளோடு உட்கார்ந்து குளிர்காய்ந்தார், அதன் பிறகுதான் அவரை அறியேன் என்று மறுதலித்தார். தாவீதின் கதையில் (2 சாமுவேல் 11) விபசாரத்தைவிட மறைப்பதற்கே அதிக வசனங்கள் செலவாகின்றன: அந்தப் பெண்ணின் கணவன் உரியாவை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார், குடிக்க வைத்துப் பார்த்தார், கடைசியில் அவன் சாவுக்கான கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார். கண்டித்துப் பேச நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது பிள்ளையே பிறந்துவிட்டது. காணிக்கைப் பணத்திலிருந்து ‘சனிக்கிழமைக்குள் வைத்துவிடலாம்’ என்று 500 ரூபாய் எடுக்கும் பொருளாளரின் வழியும் இதுதான். முதல் சனிக்கிழமை தவறியதும் கணக்கு நோட்டில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

இனி தூக்கி நிறுத்துவது. கலாத்தியர் 6:1-இல் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று வருகிற சொல்லும், மத்தேயு 4:21-இல் யாக்கோபும் யோவானும் வலைகளைப் ‘பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்று வருகிற சொல்லும் மூலத்தில் ஒன்றே. தேவனாம்பட்டினம் கரையில் வலை பொத்துகிறவர்களைக் கேட்டால் விளக்குவார்கள்: பிய்ந்த நூலை நல்ல கண்ணி வரும் வரை முதலில் வெட்ட வேண்டும். பிய்ந்ததன் மேலேயே முடிச்சுப் போட்டால் அடுத்த இழுவையில் அங்கேதான் கிழியும்.

மத்தேயு 18 வைக்கும் ஒழுங்கு, முதலில் தனியே, கேட்காவிட்டால் ஒருவர் இருவரோடு, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்கு. நம்மிடம் இது தலைகீழ். ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்தியில் விஷயம் சபை முழுக்கப் பரவிய பிறகு, கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவரிடம் ஒருவர் போய்ப் பேசுகிறார்.

அறிக்கை செய்வதற்கும் அளவு உண்டு. பாவம் எத்தனை பேரைத் தொட்டதோ அத்தனை பேரிடம் அறிக்கை போதும். மனதோடு முடிந்தது கடவுளிடமும், தேவைப்பட்டால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும். ஆளுக்கு விரோதமானது அந்த ஆளிடம். ஊரறிந்தது மட்டுமே சபை நடுவில். அந்தரங்கப் பாவத்தை மைக்கில் சொல்லவைப்பது தண்டனைதானே தவிர அறிக்கை அல்ல. பெண்களிடம் பேச முதிர்ந்த பெண்களையே அனுப்ப வேண்டும்.

கத்தோலிக்கர் இதைப் பழைய ஞானோபதேசத்திலேயே (மறைக்கல்விப் பாடத்திலேயே) ஐந்தாக மனப்பாடம் செய்தார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், பரிகாரம். கேட்ட குரு அதை யாரிடமும் சொல்லக்கூடாது, நீதிமன்றத்திலும்கூட. லுத்தரன் சபையாருக்கும் இது அந்நியமல்ல. 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 11-ஆம் பிரிவில் தனிப்பட்ட பாவ விமோசனத்தை விட்டுவிடக் கூடாது என்கிறது. 12-ஆம் பிரிவில், ஞானஸ்நானத்துக்குப் பின் விழுந்தவர் எப்போது திரும்பினாலும் மன்னிப்பு உண்டு என்கிறது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இருக்கும் கடலூரிலேயே இதை அறிந்த சபையார் எத்தனை பேரோ!

பணம் எடுத்தவர் அழுதால் மட்டும் போதாது. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 50,000 ரூபாய் என்றால் 60,000. தவணை எத்தனை, யார் கையில் கொடுப்பது, ரசீது யார் தருவது என்று எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

எவ்வளவு காலம்? 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், யாரும் வற்புறுத்தாமலேயே விசுவாசத்தைக் கைவிட்டவர்களுக்கு மூன்று வருஷம் வசனம் கேட்க மட்டும், ஏழு வருஷம் பணிந்து மன்றாட, இரண்டு வருஷம் நற்கருணை (திருவிருந்து) இன்றி ஜெபத்தில் மட்டும் என 12 வருஷம் வைத்தது (விதி 11). கடுமைதான். ஆனால் அதே சங்கம் கண்ணீரும் நற்செயலும் காணும்போது ஆயர் இரங்கலாம் என்று 12-ஆம் விதியில் இடம் விட்டது; சாகக் கிடப்பவருக்கு நற்கருணையை மறுக்காதே என்று 13-ஆம் விதியில் சொன்னது. விழுந்தவரோடு ஐக்கியமே கூடாது என்ற நோவாசியன் கூட்டத்தார் திரும்பி வந்தபோது, விழுந்து எழுந்தவர்களோடு திருவிருந்துப் பந்தியில் கலப்போம் என்று எழுதித் தரச் சொன்னது 8-ஆம் விதி. மறுதலித்துப் போனவர்களை மறுபடி மனந்திரும்பப் புதுப்பிக்க முடியாது என்கிற எபிரெயர் 6-ஐ எடுத்து, திரும்பி வந்து நிற்கிறவரையே மிரட்டும் பிரசங்கியார்கள் இதைப் படிக்க வேண்டும். பவுலும் கொரிந்துவில் ஒருவனை விலக்கச் சொன்னவர், அடுத்த நிருபத்தில் ‘இந்தத் தண்டனையே போதும்’ என்று நிறுத்தினார் (2 கொரிந்தியர் 2:6-8).

பந்தியில் சேர்ப்பது வேறு, பொறுப்பில் அமர்த்துவது வேறு. இதைக் குழப்புவதால்தான் பாதிச் சண்டைகள். பணத்தில் தவறியவர் திருவிருந்துக்கு வரலாம். உண்டியல் சாவி அவரிடம் திரும்பவே தேவையில்லை. மூப்பர் மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும், பாவம் உறுதியானால் எல்லார் முன்னும் கடிந்துகொள்ள வேண்டும் (1 தீமோத்தேயு 5:19-20). போதகருக்குச் சலுகை அங்கே இல்லை.

சபைக் கமிட்டி கையே வைக்கக் கூடாத காரியங்களும் உண்டு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 19-இன்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காததே குற்றம். ‘மனந்திரும்பிவிட்டார்’ என்பது பதிலாகாது. அடிக்கிற கணவன் ஒரு ஞாயிறு அழுதான் என்பதற்காக மனைவியை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவதும் மன்னிப்பில் சேராது.

குடியைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குக் குடிக்கப் போகிறவர்களில் விசுவாசிகளும் உண்டு. பல வருஷம் தினமும் குடித்தவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி, உபவாச ஜெபத்தில் பூட்டி வைப்பது ஆபத்து. 6 மணி நேரம் போனதும் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாதவை தெரியலாம். பிசாசு என்று விரட்டிக்கொண்டிருந்தால் உயிரே போகலாம். வைட்டமின் பி1 ஏற்கெனவே குறைந்த உடம்பு அது, பட்டினி மூளையையே கெடுக்கும். முதலில் ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பிறகு ஜெபக்கூட்டம்.

திரும்பவும் குடித்துவிட்டு வந்தால்? ஒரே நாளில் ஏழுதரம் வந்து ‘மனஸ்தாபப்படுகிறேன்’ என்றாலும் மன்னிக்கச் சொல்கிறது லூக்கா 17:4. மன்னித்த கையோடு, சம்பளத்தை மனைவி கையில் சேர்ப்பது, சாயங்காலம் 6 மணிக்கு ஒருவர் போன் செய்வது, வீட்டுக்குப் போகும் வழியை மாற்றுவது என்று ஏற்பாடும் வேண்டும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் பாவஞ்செய்தேன் என்று ஒப்புக்கொண்டார், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தார். ஆசாரியர்கள் சொன்ன பதில்: ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு.’ அதன் பின் அவர் போய் நான்றுகொண்டு செத்தார். பேதுருவுக்கோ, மறுதலித்தபோது எரிந்த அதே மாதிரிக் கரிநெருப்பின் அருகே உயிர்த்தெழுந்த இயேசுவிடமிருந்து காலை உணவு கிடைத்தது. ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று முறை கேள்வி, ‘என் ஆடுகளை மேய்’ என்று மூன்று முறை வேலை. விலக்கப்பட்டவரை முதல் வாரம் யார் போய்ப் பார்ப்பது என்பதைச் சபை அன்றைக்கே தீர்மானிக்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பண்டைய ரோமையில் வெளியரங்கமாகத் தவம் செய்தவர்களைப் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்றுதான் மீண்டும் சபையில் சேர்த்தார்கள். அந்த நாளுக்குள் ஒவ்வொரு சபையும் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டட்டும்: புகாரை யார் கேட்பார், எத்தனை நாளில் முடிவு, யார் உடன் நடப்பார், எப்போது பந்திக்கு அழைப்பு.

இப்படிக்கு,
வேதாகமக் கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கடலூர் – புதுச்சேரி