புது வீட்டுக்குப் போகிற மகளுக்கு

அன்பு மகள் சுதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஆடிக் காற்று உச்சத்தில் இருக்கிறது. பணகுடிக்கு மேற்கே காற்றாலைகள் ராத்திரி பகலாகச் சுற்றுகின்றன. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று உன் அம்மா தினமும் புலம்புகிறாள்.

பூமி சூடாவதைக் குறைக்க வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பட்டியலில் இருப்பது ஒன்றும் தப்பில்லை, வரிசைதான் சரியில்லை. போன் சார்ஜரைப் பிடுங்கி வை என்பது முதலில் நிற்கிறது. ஏசி கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தே காலம் கழித்தவனுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

ஒரே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. சராசரி பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு போகிறது. சும்மா செருகிக் கிடக்கிற இந்தக் காலத்துச் சார்ஜர் வருஷம் முழுக்க இழுப்பது ஒரு யூனிட் அளவுதான். அதற்காக நீ ராத்திரி எழுந்து போக வேண்டாம். செட்டாப் பாக்ஸ் அப்படியில்லை. ரிமோட்டில் அணைத்தாலும் பலவற்றில் பத்து வாட் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மாசக் கணக்கில் அது 14 யூனிட். சுவிட்சிலேயே அணைத்துவிடு.

இப்போது ஏசி. ஆவணி பிறந்ததும் மடிப்பாக்கம் வீட்டில் பால் காய்ச்சப்போகிறீர்கள், வேளச்சேரி வீட்டு ஏசியைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டுவதாக மாப்பிள்ளை சொன்னார். இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே. கழற்ற வருகிற பையன்கள் அவசரத்தில் குழாய் நட்டைத் திருகி, உஸ்ஸென்று கேஸ் முழுவதையும் வெளியே விட்டுவிடுவார்கள். "புது வீட்டில் ஏற்றிக்கலாம் சார்" என்பார்கள். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற தகட்டைப் பார். என்ன கேஸ், எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். உங்களுடையது ஆர்-32 ஆகத்தான் இருக்கும். அதில் ஒரு கிலோ வெளியே போனால் 675 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். முக்கால் கிலோ போனாலே 500 கிலோ ஆயிற்று. 700 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்த கணக்கு. மாமா வீட்டில் இருக்கிற பழைய ஆர்-22 இன்னும் மோசம், கிலோவுக்கு 1,800 கிலோ. நீ வருஷக்கணக்கில் லைட்டை அணைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு உஸ்ஸில் போய்விடும்.

இதற்கு வழி ரொம்பச் சுலபம். 'பம்ப் டவுன்' பண்ணித்தான் கழற்ற வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூடினால், கம்ப்ரசர் கேஸை இழுத்து வெளி யூனிட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடிவிட்டு ஏசியை அணைக்க வேண்டியதுதான். சில நிமிஷ வேலை. புது வீட்டில் மாட்டும்போது குழாயில் இருக்கிற காற்றை வாக்குவம் பம்ப் வைத்து எடுக்கட்டும். கேஸையே விட்டுக் காற்றைத் தள்ளுகிற குறுக்கு வழி வேண்டாம். கூடக் கொஞ்சம் கூலி கேட்டால் கொடு.

இன்னொன்று. வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவது ஏதோ ஆயில் சர்வீஸ் மாதிரி என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏசி கேஸ் தேய்ந்து தீர்கிற சரக்கு இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் மறுபடி ஏற்றினால் அதுவும் வானத்துக்குத்தான் போகும். பெரும்பாலும் குழாய் சேருகிற நட்டில்தான் ஒழுகும். சோப்புத் தண்ணீர் தடவினாலே நுரை காட்டிக்கொடுக்கும்.

டிகிரி விஷயம் உனக்கே தெரியும். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை போட்ட ஏசிகளை 24ல் வைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். 26ல் வைத்து ஃபேனையும் போடுங்கள். மாப்பிள்ளை வெயிலில் வந்ததும் 18க்குத் தட்டுவதை நானே பார்த்திருக்கிறேன் (நான் சொன்னேன் என்று சொல்லாதே). 18ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நினைப்பு. கம்ப்ரசர் நேரம் கழித்து அணையும், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்திருப்பது மேல் மாடி வீடு. அது எனக்குக் கவலைதான். பங்குனி சித்திரையில் தளம் அடுப்புக் கல்லாகக் கொதித்து, ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே சூட்டை இறக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு, மாசிக்குள் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைக் கூரை பெயின்ட்டோ அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு மழைக்குக் கரையும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். பெயின்ட் அதைவிடக் கூடுதல் நாள் நிற்கும். ஏசி ஓடுகிற நேரம் குறையும். அங்கே மாட்டியிருக்கிற ஃபேன்கள் பழசு என்றாயே. அவை 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்று விற்கிற, மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன் 30 வாட் பக்கம்தான். படுக்கையறைக்கு மட்டுமாவது சொந்தமாக வாங்கி மாட்டு, காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாம். இரண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறி, தாண்டின ஒரு யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். பூமி மேல் அக்கறை இல்லாதவர்கள்கூட அந்த 500க்குப் பயப்படுவதை எத்தனையோ வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்.

இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறட்டுமா என்று கேட்டிருந்தாய். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் 42 கிலோ கரியமில வாயு. ஆனால் இன்றைய நிலக்கரி மின்சாரத்தில் அதே சமையலை இன்டக்‌ஷனில் செய்தால் அதைவிடக் கூடத்தான் ஆகும். இங்கே மாடியில் மூன்று கிலோவாட் சோலார் இருக்கிறது, 78,000 ரூபாய் மானியமும் வந்தது, அதனால் பகலில் உன் அம்மா இன்டக்‌ஷனில் வைக்கிறாள். அதுவும் சாம்பாருக்கு மட்டும். தோசைக்கு அவள் சம்மதிக்க மாட்டாள். உனக்கு இப்போதைக்குக் கேஸும் குக்கரும் போதும். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவை. விசில் வந்ததும் தீயைக் குறை.

சாப்பாட்டைக் கொட்டாதே என்று சொன்னால் கஞ்சத்தனம் என்று நினைக்காதே. நெல் வயலில் தேங்கி நிற்கிற தண்ணீருக்கடியில் மீத்தேன் உண்டாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி நீர் விட்டால் குறையும், ஆனால் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. அந்தச் சோறு பாலித்தீன் பையில் கட்டிக் குப்பைக் கிடங்குக்குப் போனால், காற்றுப் படாமல் அழுகி மறுபடி மீத்தேன் விடும். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல 80 மடங்கு சூடேற்றும். பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததே, அப்போது நீ ஜன்னலைக்கூடத் திறக்க முடியவில்லை என்றாய். மிஞ்சின சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்று. காய்த்தோலை ஓட்டை போட்ட பழைய வாளியில் போட்டு, மேலே காய்ந்த சருகோ தேங்காய் நாரோ போடு. ஈரம் கூடினால் நாறும். நாறினால் இன்னும் ஒரு பிடி சருகு. மாடியில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

மஞ்சப்பை எடுத்துப் போ என்றும் பட்டியலில் இருக்கிறது. எடுத்துப் போ, சாக்கடை அடைக்காது. பூமிச் சூட்டுக் கணக்கில் அது சின்னதுதான்.

கடைசியாக ஒன்று, கோபப்படாமல் படி. தீபாவளிக்குக் காரில் வரப்போவதாக மாப்பிள்ளை சொன்னாராம். இங்கே வர 650 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 15 கொடுத்தாலும் 43 லிட்டர் பெட்ரோல் ஆகும், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் ஒரு வழிக்கே 100 கிலோ கரியமில வாயு. இரண்டு சிலிண்டரைத் தாண்டுகிறது. ரயிலில் அதில் சின்னப் பங்குதான் உங்கள் பேரில் சேரும். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்தும் விடுகிறது. ஆதலால் தேதியைக் குறித்து வைத்துக் காலை எட்டு மணிக்கே உட்காருங்கள். வள்ளியூரில் இறங்கினால் போதும், நான் ஆட்டோ பேசிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஊருக்குள் சுற்றக் கார் வேண்டுமே என்றால் சித்தப்பா வண்டி சும்மாதான் நிற்கிறது.

கிடைக்கவில்லை என்றால் போன் பண்ணு, தட்கலுக்கு இங்கிருந்தும் ஒரு கை பார்க்கலாம்.

அப்பா