வலிப்பு வந்தால் ஏன் ‘காத்து கருப்பு’ என்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பேய் ஓட்டுவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, பேய் ஓட்டும் இடங்களுக்குப் போகிறவர்களை ‘அறியாமையில் மூழ்கியவர்கள்’ என்று சொல்லி முடித்துவிட்டது. காக்காய் வலிப்பு ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தாலே விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று தெரியும்.

பெரிய வலிப்பு தொடங்கும்போது உடம்பிலுள்ள தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. நெஞ்சிலிருக்கும் காற்று குரல்வளை வழியாகப் பிதுங்கி ஓர் அலறலாக வெளியே வரும். வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டிராத குரல் அது. கண் செருகும், உதடு நீலம் பாயும், கடிபட்ட நாக்கின் ரத்தம் நுரையோடு கலந்து வழியும். தெளிந்தபின் நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. பொட்டுப் பக்கத்து மூளையில் தொடங்கும் வலிப்பென்றால், சிலருக்கு வலிப்புக்குச் சற்றுமுன், அங்கே இல்லாத ஒரு நாற்றம் அடிப்பதுபோல் தோன்றும். அடிவயிற்றிலிருந்து காரணமே இல்லாத பயம் கிளம்பும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் ‘வேறு யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்’ என்று நினைத்ததில் என்ன வியப்பு? மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வரும் சிறுவனும் இப்படித்தான் நுரை தள்ளி, பல்லைக் கடித்து, விறைத்துப்போகிறான்; தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். நம்மிடம் ‘முயலகன்’ என்று பழைய நூல்கள் சொல்லும் வலிப்பு நோய் உண்டு. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளைப் பிடித்திருந்த அந்நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது திருவாசித் தலத்தின் வரலாறு.

நம்பிக்கை நீடிப்பதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். பதறிப்போய்ச் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கையில் திணிக்க ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். திணித்ததும் நிற்கிறது; பெயர் இரும்புக்குப் போகிறது. கோவிலில் ஒரு மண்டலம் தங்கும் வழக்கத்திலும் இதே கணக்கு உண்டு. பலருக்கு வலிப்பு சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். அந்த 48 நாட்களில் வராமல் போனால் ‘ஓடிவிட்டது’ என்கிறார்கள். அதைவிட ஆபத்தானது அடுத்து நடப்பது. மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு கோவிலிலும் தங்கியவர், குணமானது கோவிலால் என்று எண்ணி மாத்திரையைச் சட்டென்று நிறுத்துகிறார். அப்படி நிறுத்தினால், ஒன்று ஓயுமுன் இன்னொன்று என வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே உலை வைக்கலாம். வழக்கமாக, குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்தபிறகுதான் மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றியே யோசிப்பார்.

கொடை விழாவில் விடியவிடியக் கண் விழித்தவருக்கு மறுநாள் வலிப்பு வருவதும், சில பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி அடிக்கடி வருவதும் பேய்க் கதைக்கு வலுச் சேர்க்கின்றன. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். ஹார்மோன் ஏற்ற இறக்கமும் தூண்டும். உடுக்கை அடித்து இரவு முழுக்கத் தூங்கவிடாமல் உட்கார வைத்துப் பேய் ஓட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலேயே விளங்கும்.

ஆனாலும் குடும்பங்கள் பேயை நம்புவதற்கு முதன்மைக் காரணம் வேறு என்பது என் உறுதியான கருத்து. பேய் என்றால் குடும்பத்தின் மேல் பழி இல்லை. உச்சிவேளையில் புளியமரத்தடியில் போனாள், பிடித்துக்கொண்டது, ஓட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். வலிப்பு நோய் என்று சொல்லிவிட்டாலோ ‘பரம்பரை வியாதி’ என்ற பேச்சு கிளம்பும். அவளுக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் வரன் அமையாது. சட்டமே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையான காரணங்களில் 1976இல் வலிப்பையும் சேர்த்தார்கள், 1999இல்தான் நீக்கினார்கள். இந்த அவமானத்திலிருந்து தப்பிக்கத்தான் குடும்பங்கள் பேயைப் பிடித்துக்கொள்கின்றன. ‘மூடநம்பிக்கை’ என்று திட்டினால் அவமானம் இரட்டிப்பாகுமே தவிர, ஒருவரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். இது யார் செய்த பாவமும் இல்லை, நம் ஊரில் பன்றி நாடாப்புழுவின் முட்டை கலந்த தண்ணீராலும் காய்கறியாலும்கூட வரும், முறையாக மருந்து சாப்பிட்டால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்றெல்லாம் முதல் நாளே உட்கார வைத்துச் சொன்னால் கேட்பார்கள்.

வலிப்பு போலவே தோன்றி, நரம்புக் கோளாறு இல்லாமல் மன அழுத்தத்தால் வருவதும் உண்டு. பெரும்பாலும் அதில் கண் இறுக மூடியிருக்கும், நெடுநேரம் நீளும், நடுவில் தணிந்து மீண்டும் ஏறும். சாதாரண நாளில் மாமியாரிடம் சொல்ல முடியாததைப் பேயின் வாயால் சொல்லும் மருமகள்கள் உண்டு. அவர்களுக்குச் சடங்கு கொஞ்சம் ஆறுதல் தரவும் கூடும். ஆனால் வேப்பிலையால் அடிப்பது வேதனையோடு இன்னொரு வேதனையைத்தான் சேர்க்கும். அவர்கள் நடிக்கவில்லை, மனநல ஆலோசனை தேவைப்படுகிறவர்கள்.

வலிப்பு வந்தவுடன் மணியைப் பாருங்கள். அருகில் அடுப்பு, அரிவாள்மனை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். துள்ளும் கை கால்களை அமுக்கிப் பிடித்தால் தோள்மூட்டு நழுவலாம். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், சோடா எதுவும் கூடாது. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, முதல் வலிப்பாக இருந்தாலோ 108ஐ அழையுங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவை ஒட்டிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். பிறகு அந்தத் தர்கா வளாகத்திலேயே, தொழுகையைத் தடுக்காமல், அரசு மனநல மருத்துவர்கள் மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பேய் ஓட்டும் கோவில்களிலும் ஜெபக்கூடங்களிலும் இதே ஏற்பாடு வரவேண்டும், வலிப்பு மாத்திரையோடு சேர்த்து. கோடாங்கியையும் போதகரையும் எதிரிகளாக்காமல், ‘பூசை நடக்கட்டும், மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதே’ என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க மாவட்ட மனநலத் திட்டத்தினர் முன்வரவேண்டும். இதைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை