இணையவழிக் குரல்பதிவு கேட்கும் ஏற்பாட்டாளர்கள் கவனத்துக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் தமிழ்மொழி விழாப் போட்டிகளுக்கும் துணைப்பாட நிலையங்களின் வாய்மொழிப் பயிற்சிக்கும் பிள்ளைகளின் குரலைக் குரோம், சஃபாரி போன்ற இணைய உலாவியிலேயே பதிவுசெய்து அனுப்பச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் பதிவாகவில்லை என்றால், “உங்கள் கருவியைச் சரிபாருங்கள்” என்று ஒற்றை வரியில் கைவிரித்துவிடுகின்றன பல பக்கங்கள். பெற்றோர் புது மைக் வாங்கக் கிளம்புகிறார்கள். பெரும்பாலும் மைக்கில் கோளாறு இருப்பதில்லை.

காரணம் உலாவிக்குத் தெரியும். அனுமதி மறுக்கப்பட்டதா, மைக்கே இணைக்கப்படவில்லையா, வேறொரு செயலி அதைப் பிடித்துவைத்திருக்கிறதா என்பதைத் தனித்தனிப் பிழைப்பெயரில் அது பக்கத்துக்குச் சொல்லிவிடும். மூன்றுக்கும் மூன்று தமிழ் வாக்கியங்கள் எழுதிவைக்க எவ்வளவு நேரமாகும்?

பெற்றோர் பார்க்க வேண்டியது இரண்டு இடங்களை. முதலாவது, முகவரிப் பட்டையின் இடது ஓரச் சின்னம். அதைத் தட்டி மைக்கிற்கு அனுமதி கொடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். அனுமதிப் பெட்டியைப் பதில் சொல்லாமல் திரும்பத் திரும்ப மூடினால் குரோம் பிறகு கேட்பதையே நிறுத்திவிடும். இரண்டாவது, கணினியின் சொந்த அமைப்பு. விண்டோஸில் தனியுரிமைப் பகுதியின் மைக்ரோஃபோன் பக்கத்தில், டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனிப் பொத்தான் கீழே ஒளிந்திருக்கும். மேக்கில் உலாவியின் பெயருக்கு எதிரே அனுமதி தந்தபின் உலாவியை முழுதாக மூடித் திறக்க வேண்டும். ஐபேடில் ஐபேட்ஓஎஸ் 14.3க்கு முந்திய பதிப்பு என்றால் சஃபாரியில் மட்டுமே முயலலாம். குரோமுக்கு அங்கே மைக் கிடைக்காது.

பெற்றோர் தலைகீழாக நின்றாலும் சரிசெய்ய முடியாதவையும் உண்டு. முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்காவிட்டால் உலாவி மைக்கைத் தராது. குரோம் 2015இலேயே இந்தக் கதவை அடைத்துவிட்டது. வேறு தளத்தின் பதிவுக் கருவியைத் தங்கள் பக்கத்துக்குள் சட்டமாக (‘ஐஃபிரேம்’ எனும் உள்பெட்டியாக)ப் பொருத்துபவர்கள், அந்தச் சட்டத்துக்கு மைக் உரிமையை எழுதித் தராவிட்டால், அனுமதிப் பெட்டி தோன்றாமலேயே கோரிக்கை நிராகரிக்கப்படும்.

பாட்டுப் போட்டி நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, ஒலியளவுச் சீராக்கம் ஆகிய மூன்றையும் குரோம் போன்ற உலாவிகள் கேட்காமலேயே போட்டுவிடுகின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பேசும் பிள்ளைக்கு இது உதவி. தேவாரம் பாடும் பிள்ளைக்கோ உபத்திரவம். சுருதிப்பெட்டியின் ஒரே சீரான ஒலியை மென்பொருள் மின்விசிறியின் இரைச்சலாகவே எண்ணிக் கரைத்துவிடும். நீட்டிப் பிடித்த கார்வையின் வால் துண்டாகலாம். ஒலியளவுச் சீராக்கமோ மெல்லிய இடத்தைத் தூக்கி, ஓங்கிய இடத்தை அமுக்கும். ஏற்ற இறக்கத்துக்கு மதிப்பெண் தரும் நடுவர், பிள்ளை தட்டையாகப் பாடியதாக நினைப்பார். பக்கத்தின் நிரலில் மைக்கைக் கேட்கும் கட்டளையில் மூன்றையும் ‘வேண்டாம்’ என்று குறித்தால் போதும். புளூடூத் காதணிபேசியையும் தவிர்க்கச் சொல்லுங்கள்: அதன் மைக்கைத் திறந்ததும் அது தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறி, குரல் தரம் இறங்கிவிடும்.

கோப்பு வடிவத்திலும் குழப்பம் உண்டு. குரோம் பொதுவாக ‘வெப்எம்’ கோப்பு தரும். ஐபோனின் சஃபாரி ‘எம்பி4’ தந்துவந்தது. எல்லாவற்றுக்கும் ‘வெப்எம்’ என்றே பெயர் சூட்டிச் சேமித்துவிட்டு, ஐபேட் பிள்ளைகளின் பதிவு திறக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. எந்த வடிவத்தில் பதிந்தது என்று பதிவுக் கருவியிடமே கேட்டுப் பெயரிட வேண்டும்.

பேச்சு மட்டும் போதுமென்றால் காணொளி எதற்கு? விநாடிக்கு 2.5 மெகாபிட் காணொளி 3 நிமிடத்தில் ஏறக்குறைய 56 மெகாபைட் ஆகும். விநாடிக்கு 64 கிலோபிட் ஒலி 1.5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். காணொளி கட்டாயம் வேண்டுமென்றால், பதிவு முடிந்ததும் கேமராவையும் விடுவிக்கும்படி எழுதுங்கள். பதிவை மட்டும் நிறுத்தினால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் பெற்றோர் பதறுவது நியாயமே.

இத்தனையும் செய்தாலும் சில கருவிகள் மக்கர் பண்ணும். ஆகவே, கைப்பேசிக் குரல்பதிவுச் செயலியில் பதிந்த கோப்பை ஏற்கும் பொத்தான் ஒன்றைப் பதிவுப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இறுதி நாள் இரவில் உதவிக்கு ஆள் தேடவேண்டியிராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உட்லண்ட்ஸ்