ஈப்போவிலிருக்கும் தோழிக்கு: உன் அக்கா மகளின் தாதிமைப் படிப்பு பற்றி

ஈசூன், சிங்கப்பூர்
மார்ச் 5

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உன் அக்கா மகள் மேல்நிலைத் தேர்வில் எல்லோரும் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்திருக்கிறாள் என்பதும், மருத்துவத்துக்கு விண்ணப்பிக்காமல் தாதிமைதான் வேண்டும் என்று நிற்கிறாள் என்பதும், அதனால் உட்லண்ட்ஸ் வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதும் உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவளே இரண்டு பல்கலைக்கழகக் கையேடுகளுடன் என் வீட்டுக்கு வந்து, "ஆண்ட்டி, இதில் எது நல்லது, நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சொன்னதையும், அவள் போன பிறகு எனக்குத் தோன்றியதையும் உனக்கு விரிவாக எழுதுகிறேன். அக்காவிடம் நீ பேசும்போது உதவும்.

முதலில் உன் அத்தானின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமா முடித்தாலே தாதியாகலாம் என்னும்போது, தொடக்கக்கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தவள் மறுபடியும் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அதே வேலைக்கு ஏன் படிக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்வி தவறானதன்று. டிப்ளோமா படித்தவரும் பட்டம் படித்தவரும் சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தில் 'பதிவுபெற்ற தாதி' என்ற ஒரே பிரிவில்தான் பதிவாகிறார்கள். வார்டில் முதல் ஆண்டு இருவரும் ஒரே மருந்து வண்டியைத்தான் தள்ளுகிறார்கள், ஒரே இரவுப் பணியைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் நானும் நீயும் உயர்நிலைப் பள்ளியை விட்டு வந்த காலத்தை அவருக்கு நீ நினைவூட்ட வேண்டும். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி 1992 இல் தொடங்கியது. மறு ஆண்டே நான் அங்கே தாதிமையில் சேர்ந்தேன். அன்று தாதிமையில் பட்டம் வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத்தான் நாட வேண்டியிருந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன் தாதிமைக் கல்வி மையத்தை 2005 இல் அமைத்து, அடுத்த ஆண்டில்தான் முதல் இளநிலை மாணவர்களைச் சேர்த்தது. என்னைப் போன்றவர்கள் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, இரவுப் பணிக்கும் காலைப் பணிக்கும் இடையே கிடைத்த நேரத்தில் பகுதிநேரமாகப் படித்துத்தான் அந்தப் பட்டத்தை வாங்கினோம். பின்னாளில் உயர்நிலைத் தாதியாக நோயாளியைத் தானே பரிசோதித்துச் சிகிச்சையைத் திட்டமிடும் பொறுப்புக்குப் போக வேண்டுமென்றால் முதுநிலைப் படிப்பு வேண்டும். அதற்கு இளநிலைப் பட்டம் அடிப்படை. பத்தொன்பது வயதில், குடும்பச் சுமை இல்லாத நேரத்தில், அதை முழுநேரமாகப் படித்து முடிக்கிற வாய்ப்பு அவளுக்கு இருக்கும்போது, முப்பத்தைந்து வயதில் என்னைப் போல் திண்டாட விடுவானேன்?

இனி அவள் கொண்டுவந்த இரண்டு கையேடுகளுக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன தேசியப் பல்கலைக்கழகத் தாதிமைக் கல்வி மையம், அதாவது ஆலிஸ் லீ மையம், யோங் லூ லின் மருத்துவக் கல்விப் பள்ளியின் ஓர் அங்கம். கெண்ட் ரிட்ஜில், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மூன்று ஆண்டுகளில் பட்டம் வாங்கலாம், நான்கு ஆண்டுகளில் ஆனர்ஸ் பட்டம் வாங்கலாம். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துடன் இணைந்து வழங்கப்படுவது. டிப்ளோமா முடித்த தாதியர் பட்டத்துக்காகத் திரும்பி வருகிற இடமும் அதுதான். அதன் பொங்கோல் வளாகம் 2024 இல்தான் திறந்தது. உன் அக்கா, பெயர் பெரிய பல்கலைக்கழகம் எது என்று பார்க்கிறார். அவளோ எம்ஆர்டி ரயிலில் எத்தனை முறை மாற வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பீஷானில் இறங்கி வட்டப் பாதையில் மாறினால் கெண்ட் ரிட்ஜ் வந்துவிடும் என்று அவள் சொன்னபோது, அந்தக் கணக்கு முதல் பருவத்துக்குமேல் நிற்காது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிட்டால் இன்று சாங்கி, அடுத்த பருவம் ஜூரோங், அதற்கடுத்து மனநல மருத்துவமனை என்று தீவு முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். காலை ஏழு மணிப் பணிக்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும்.

அந்தப் பயிற்சியைப் பற்றித்தான் நான் அவளிடம் அதிக நேரம் பேசினேன். எனக்கு நேர்ந்த ஒன்றை உன்னிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. முதல் பயிற்சியில், எந்த மருத்துவமனை என்பது இப்போது வேண்டாம், நான் காலையில் உடம்பு துடைத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்து வைத்த ஒரு பெரியவர் பத்து மணிக்குள் இறந்துபோனார். எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பயிற்றுநர் வேறு வார்டில் பல மாணவர்களோடு இருந்தார். வார்டில் இருந்தவர்கள், "நீ அடுத்த படுக்கைக்குப் போ" என்றார்கள். நான் துணிகள் அடுக்கும் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்தப் படிப்பே வேண்டாம் என்று அன்று முடிவும் செய்துவிட்டேன். மதியப் பணிக்கு வந்த ஒரு மலாய்ச் சிஸ்டர்தான் என்னைத் தேடிவந்து, முகம் கழுவச் சொல்லி, திரும்பவும் அந்தப் பெரியவரின் படுக்கைக்கே அழைத்துச் சென்றார். இருவரும் சேர்ந்து அவருடைய கைகால்களை நேராக்கி, உடம்பைச் சுத்தம் செய்து, புதுத் துணி போர்த்தினோம். ஒவ்வொன்றையும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அதன் பிறகு, குடும்பத்தார் வந்தபோது அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் காட்டினார். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நான் இன்று தாதியாக இருந்திருக்க மாட்டேன். 2003 இல் சார்ஸ் தொற்று வந்தபோது முகக்கவசத்துக்குள் மூச்சுத் திணறத் திணற வார்டில் நின்றிருக்கவும் மாட்டேன்.

அதனால்தான் வளாகத்தின் அழகையும் தரவரிசையையும் கேட்பதற்கு முன்பாக, பயிற்சியின்போது மாணவருடன் வார்டில் நிற்பவர் யார் என்று கேட்கச் சொன்னேன். பல்கலைக்கழகமே அனுப்பும் பயிற்றுநரா, அல்லது தன் நோயாளிகளோடு சேர்த்து மாணவரையும் பார்த்துக்கொள்ளும் வார்டுத் தாதியா? ஒருவருக்கு எத்தனை மாணவர்? முதல் ஆண்டில் எத்தனை வாரம், கடைசி ஆண்டில் எத்தனை வாரம்? மரணத்தையோ தவறையோ சந்தித்த மாணவர் அன்று மாலை யாரிடம் போய்ப் பேசலாம்? இதற்கெல்லாம் இப்போது படிக்கிற இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சொல்லும் பதிலை, மேடையில் பேசுகிறவர் சொல்லும் பதிலைவிட அவள் கவனமாகக் கேட்க வேண்டும். பல ஆண்டுகளாக இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் தொழிற்கல்லூரி மாணவர்களும் என் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். எந்த இடத்து மாணவர் கெட்டிக்காரர் என்று நீ எழுதிக் கேட்டிருந்தாய். மூன்றாவது வாரத்தில் சீருடையைப் பார்த்தால் மட்டும்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள வித்தியாசமோ முதல் நாளே தெரிந்துவிடும்.

அவளால் இந்த வேலையைத் தாங்க முடியுமா என்ற அக்காவின் பயத்துக்கு ஒரு செய்தி. ஞாயிறு மாலை என் மாமியார் இருக்கிற தாதிமை இல்லத்துக்கு அவளையும் அழைத்துச் சென்றேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த பாட்டி, "உடம்பு ஒரு மாதிரியா இருக்கும்மா" என்றார். அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது; அன்று பணியில் இருந்த தாதிக்குத் தமிழ் வராது. உன் அக்கா மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தலை சுத்துதா பாட்டி, இல்லை கண்ணை இருட்டிக்கிட்டு வருதா? வயித்தைப் பிரட்டுதா, நெஞ்சு கரிக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுந்து நிற்கும்போதுதான் தலை சுற்றுகிறது என்பதைக் கண்டுபிடித்துத் தாதியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எடுத்துப் பார்த்தார்கள். நின்றபோது நன்றாக இறங்கியிருந்தது. இப்படிக் கேட்கும்படி அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 2030 இல் இங்குள்ள குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார். அவர்களில் நம் பாட்டிகளும் தாத்தாக்களும் எத்தனை பேர் என்று நினைத்தால், இந்தப் பெண்ணை வேறு படிப்புக்குத் தள்ளிவிடக் கூடாது என்று என் மனம் பதைக்கிறது.

பணத்தைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படிப்புச் செலவை ஏற்று மாதம்தோறும் உதவித்தொகையும் தருகிற ஆதரவுத் திட்டம் ஒன்றின் விண்ணப்பத்தை உன் அத்தான் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறார். நல்ல திட்டம்தான், பட்டம் முடித்ததும், அதற்காகக் கையெழுத்திடும் பணிப்பிணை ஒப்பந்தத்தின்படி சில ஆண்டுகள் பொது மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும், அதுவும் தவறில்லை. ஆனால் நடுவில் விலகினால் வட்டியோடு இழப்பீடு கட்ட வேண்டும். பிணை நின்றவர்களும் பொறுப்பாளிகள். என்னோடு பணியாற்றிய ஒருவரின் மகள் இரண்டாம் ஆண்டில்தான் தனக்கு இது ஒத்துவரவில்லை என்று உணர்ந்தாள். அந்தக் கடனைத் தீர்க்க அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். குடிமக்களுக்கான கட்டணத்தில் பெரும்பகுதியைக் கல்வி அமைச்சின் மானியமே ஏற்கிறது. மீதிக்கு அத்தானின் மத்திய சேம நிதிச் சேமிப்பிலிருந்து கடன் எடுக்கலாம், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் உதவி கேட்கலாம். படிப்பின் நடுவில் விண்ணப்பிக்கும் உபகாரச் சம்பளங்களும் இருக்கின்றன. ஆகவே முதல் மருத்துவமனைப் பயிற்சியை முடித்த பிறகு, அவளே விரும்பினால், கையெழுத்துப் போடட்டும்.

தாதிக்கு எதிர்காலம் இல்லை என்று அத்தான் சொன்னால், பொதுச் சுகாதாரத் துறையில் நிலைத்திருக்கும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளிவரை தருகிற திட்டத்தை அரசாங்கம் 2024 இல் அறிவித்ததைச் சொல். அவருக்கு எண்கள் புரியும்.

விண்ணப்பக் காலம் இந்த மாதமே முடிந்துவிடும். வரும் சனிக்கிழமை நானும் அவளும் கெண்ட் ரிட்ஜுக்கும், அதற்கடுத்த வாரம் பொங்கோலுக்கும் போகிறோம். கேள்விகளை அவள் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அத்தானும் வருவதாக அரை மனதோடு சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ அவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஆதரவுத் திட்ட விண்ணப்பத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள். நான் சொன்னால் தாதி தாதிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார். மைத்துனி சொன்னால் கேட்பார்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழி